ஆண்டுக்கணக்கில் படிக்க வேண்டிய கணக்கு: அமெரிக்கக் காவல் மேலாளர் சங்கம் ஒன்றின் வரவு செலவு

அமெரிக்காவில் ஒரு நடுத்தர நகரத்தின் காவல் துறையை எடுத்துக்கொள்ளுங்கள். ரோந்து போகிறவர்கள், துப்பறிவாளர்கள், சார்ஜென்ட்கள் எல்லாரும் பெரும்பாலும் ஒரே சங்கத்தில் இருப்பார்கள். அவர்களுக்கு மேலே லெப்டினன்ட், கேப்டன் பதவிகளில் இருப்பவர்களை எண்ணினால் பத்திலிருந்து முப்பது பேர் தேறுவார்கள். பல இடங்களில் இவர்கள் தனிச் சங்கம் வைத்திருக்கிறார்கள். போலீஸ் மேனேஜ்மென்ட் அசோசியேஷன், போலீஸ் மேனேஜர்ஸ் அசோசியேஷன் என்று பெயர் இருக்கும். துறைத் தலைவர், அதாவது சீஃப், பெரும்பாலும் இதில் சேர்வதில்லை. அவர் நகர நிர்வாகத்தின் ஆள்.

இந்தச் சங்கங்கள் வருமான வரித் துறைக்குக் கொடுக்கும் ஆண்டு அறிக்கைகள் பொது ஆவணங்கள். இணையத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். தேடிப் பார்த்தவர்கள் பலர் குழம்பிப் போவதற்கும் காரணம் இருக்கிறது. ஒரு வருடம் இருபதாயிரம் டாலர் மிச்சம், அடுத்த வருடம் முப்பதாயிரம் பற்றாக்குறை, அப்புறம் ஒரு வருடத்துக்கு எண்ணே இல்லை. சங்கம் திவாலாகிவிட்டதா, யாராவது கைவைத்துவிட்டார்களா என்று தோன்றும். பெரும்பாலும் இரண்டும் இல்லை. இந்த அளவுச் சங்கத்தில் ஒரு தனி ஆண்டின் கணக்கு எதையும் சொல்லாது. நாலைந்து ஆண்டுகளைச் சேர்த்துப் படித்தால்தான் அது பேசும்.

முதலில், மேலதிகாரிகளுக்கு எதற்குத் தொழிற்சங்கம்? அமெரிக்கத் தனியார் துறையில் இது கிட்டத்தட்ட நடக்காத காரியம். தொழிலாளர்கள் சங்கம் வைத்துப் பேரம் பேசும் உரிமையைப் பாதுகாக்கும் 1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டத்தை 1947இல் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் திருத்தியது. அந்தத் திருத்தம் மேற்பார்வையாளர்களை வெளியே தள்ளிவிட்டது. மேலாளர்களுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை என்று 1974இல் உச்ச நீதிமன்றம் பெல் ஏரோஸ்பேஸ் வழக்கில் சொன்னது. ஆனால் 1935ஆம் ஆண்டுச் சட்டம் மாநில, நகர அரசுகளின் ஊழியர்களைத் தொடவே இல்லை. அவர்கள் விஷயம் மாநிலச் சட்டங்களின் கையில் போனது. அங்கேதான் கதவு திறந்தது.

கலிஃபோர்னியாவில் அந்தக் கதவின் பெயர் மேயர்ஸ்-மிலியாஸ்-பிரவுன் சட்டம், 1968. கொண்டுவந்த மூன்று சட்டமன்ற உறுப்பினர்களின் பெயர்கள்தான் அவை. மூன்றாமவரான வில்லி பிரவுன் பிற்பாடு சான் பிரான்சிஸ்கோ மேயரானார். உள்ளாட்சி ஊழியர்களின் சங்கத்தோடு சம்பளம், வேலை நேரம், வேலை நிலைமைகள் பற்றி நகர நிர்வாகம் நல்லெண்ணத்தோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். மேலாண்மைப் பதவியில் இருக்கிறவர்கள் என்பதற்காக அது யாரையும் மொத்தமாக ஒதுக்கவில்லை. ஆனால் மேலாளர் ஒருவர் மற்ற ஊழியர்களின் சங்கத்துக்குப் பிரதிநிதியாக நிற்பதை நகரம் தடுக்கலாம். இது நியாயம்தான். ஒரு சார்ஜென்ட் மீது வந்த புகாரை விசாரிப்பவர் லெப்டினன்ட். இருவரும் ஒரே சங்கத்தில் இருந்தால் சங்க வக்கீல் யார் பக்கம் நிற்பார்? அதனால் மேலே உள்ளவர்கள் தனியாகப் பிரிகிறார்கள். கோடு எங்கே விழும் என்பது ஊருக்கு ஊர் மாறும். லாஸ் ஏஞ்சலஸில் லெப்டினன்ட் வரை ஒரு சங்கம், கேப்டனிலிருந்து மேலே இன்னொரு சங்கம்.

நம்மூர் வாசகருக்கு இது விசித்திரமாகப் படலாம். இந்தியாவில் 1966ஆம் ஆண்டின் காவல் படைகள் (உரிமைக் கட்டுப்பாடு) சட்டப்படி அரசின் அனுமதி இல்லாமல் காவலர்கள் தொழிற்சங்கத்தில் சேர முடியாது. அமெரிக்காவிலும் இது எளிதாக வந்துவிடவில்லை. 1919இல் பாஸ்டன் போலீசார் சங்கம் வைக்கும் உரிமைக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள். அன்றைய ஆளுநர் கால்வின் கூலிட்ஜ் அதில் காட்டிய கடுமையால் தேசியப் புகழ் பெற்றுப் பின்னாளில் ஜனாதிபதியே ஆனார். அதற்கப்புறம் பல பத்தாண்டுகளுக்குப் போலீஸ் சங்கம் என்ற பேச்சே அடங்கிக் கிடந்தது.

சரி, கணக்குக்கு வருவோம். அமெரிக்க வரிச் சட்டத்தின் 501(சி) பிரிவில் லாப நோக்கமற்ற அமைப்புகளுக்கு நிறைய உட்பிரிவுகள் உண்டு. பலருக்கும் தெரிந்தது 501(சி)(3). கோவில், தேவாலயம், பல்கலைக்கழகம், அனாதை இல்லம் எல்லாம் அதில் வரும். தொழிற்சங்கங்களுக்கு உரியது 501(சி)(5). 1909ஆம் ஆண்டின் கூட்டு நிறுவன வரிச் சட்டத்திலேயே தொழிலாளர், விவசாய, தோட்டக்கலை அமைப்புகளுக்கு விலக்கு எழுதிவைத்தார்கள். அந்த மூன்றும் இன்றும் ஒரே உட்பிரிவில்தான் இருக்கின்றன. சங்கத்துக்கு வரும் சந்தாவுக்கும் வங்கி வட்டிக்கும் பொதுவாக வரி இல்லை. ஆனால் சங்கத்துக்கு நன்கொடை கொடுப்பவர் அதைத் தர்மமாகக் காட்டித் தன் வரியைக் குறைக்க முடியாது. உறுப்பினர்கள் தங்கள் சந்தாவைத் தனிநபர் வரிக் கணக்கில் கழிக்க முன்பு ஓரளவு வழி இருந்தது. 2017ஆம் ஆண்டின் வரிச் சட்டம் 2018 முதல் மத்திய வரியில் அந்த வழியை அடைத்துவிட்டது.

பெரிய தொழிற்சங்கங்களைப் படித்துப் பழகியவர்கள் இங்கே ஒரு இடத்தில் தடுக்கி விழுவார்கள். 1959ஆம் ஆண்டின் லேண்ட்ரம்-கிரிஃபின் சட்டப்படி தனியார் துறைச் சங்கங்கள் தொழிலாளர் துறைக்கு விரிவான நிதி அறிக்கை கொடுக்க வேண்டும். எந்த அதிகாரிக்கு எவ்வளவு போனது என்பது வரை அதில் இருக்கும். ஆனால் மாநில, உள்ளாட்சி ஊழியர்கள் மட்டுமே உள்ள சங்கங்கள் அந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. ஆகவே ஒரு நகரப் போலீஸ் மேலாளர் சங்கத்தைப் பற்றி வெளியார் கையில் கிடைக்கும் முக்கியமான நிதி ஆவணம் ஐஆர்எஸ் எனப்படும் வரித் துறைக்குப் போகும் 990 வரிசைப் படிவம் மட்டும்தான்.

அந்த வரிசையில் மூன்று அளவுகள் உண்டு. பெரிய அமைப்புக்கு முழு 990. ஆண்டு மொத்த வரவு இரண்டு லட்சம் டாலருக்குக் குறைவாகவும், மொத்தச் சொத்து ஐந்து லட்சம் டாலருக்குக் குறைவாகவும் இருந்தால் நாலு பக்கச் சுருக்கப் படிவமான 990-ஈஸி போதும். மொத்த வரவு வழக்கமாக 50,000 டாலரோ அதற்குக் கீழோ இருந்தால் 990-என் போதும். இதை மின் அஞ்சலட்டை என்பார்கள். அஞ்சலட்டையில் என்ன எழுத முடியும்? பெயர், முகவரி, அடையாள எண், பொறுப்பாளர் ஒருவரின் பெயர், "எங்கள் வரவு 50,000 டாலருக்கு மேல் இல்லை" என்ற உறுதிமொழி. அவ்வளவுதான். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, கையில் எவ்வளவு, எதுவும் இருக்காது.

இந்த எல்லைகளும் நிலையாக நின்றதில்லை. 2006ஆம் ஆண்டின் ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முன்பு, சின்ன அமைப்புகள் பெரும்பாலும் ஒன்றுமே தாக்கல் செய்ய வேண்டியதில்லை. அஞ்சலட்டை 2007 வரி ஆண்டில் வந்தது. அப்போது அதன் வரம்பு 25,000 டாலர். 2010 முதல் 50,000. 990-ஈஸி படிவத்தின் வரம்பு 2008இல் ஒரேயடியாகப் பத்து லட்சம் டாலர் வரவு வரை ஏற்றப்பட்டது. 2009இல் ஐந்து லட்சமாக இறங்கி, 2010இல் இன்றைய இரண்டு லட்சத்துக்கு வந்தது. முழுப் படிவத்தைப் புதிதாக மாற்றியமைத்திருந்ததால் சின்ன அமைப்புகளுக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கொடுத்தார்கள். அதனால் ஒரு சங்கம் 2007இல் ஒரு படிவம், 2009இல் வேறொன்று, 2011இல் இன்னொன்று என்று மாற்றி மாற்றிக் கொடுத்திருந்தால் சங்கம் மாறிவிட்டது என்று நினைக்க வேண்டியதில்லை. விதி மாறியிருக்கலாம்.

தொடர்ந்து மூன்று ஆண்டுகள் எதுவுமே தாக்கல் செய்யாவிட்டால் வரிவிலக்குத் தானாகவே பறிபோகும். இதே 2006 சட்டம் கொண்டுவந்த விதி இது. 2011 ஜூனில் முதல் பட்டியல் வெளியானபோது சுமார் 2,75,000 அமைப்புகள் அதில் இருந்தன. பலவும் எப்போதோ கலைந்துபோனவை. உயிரோடு இருந்தும் தெரியாமல் மாட்டிக்கொண்டவையும் உண்டு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பொருளாளர் மாறும் சின்னச் சங்கங்கள் இதில் மாட்டுவது இயல்பு. பழையவர் ஓய்வு பெற்று வேறு மாநிலத்துக்குக் குடிபோயிருப்பார். வரித் துறையின் கடிதம் அவருடைய பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கும்.

பணம் எங்கிருந்து வருகிறது? ஏறக்குறைய முழுவதும் சந்தா. சம்பளத்திலிருந்து நகரமே பிடித்துச் சங்கத்துக்கு அனுப்பிவிடும். சில இடங்களில் தலைக்கு இவ்வளவு என்ற நிலையான தொகை, சில இடங்களில் அடிப்படைச் சம்பளத்தில் ஒரு சதவீதம். சதவீதமாக இருந்தால் ஒவ்வொரு ஊதிய உயர்வுக்கும் சங்கத்தின் வரவும் தானாக ஏறும். நிலையான தொகையாக இருந்தால் பொதுக்குழு கூடித் தீர்மானம் போட்டால்தான் ஏறும். ஐந்தாறு ஆண்டுகளாக வரவு ஒரே இடத்தில் நின்று, திடீரென்று ஒரு படி உயர்ந்திருந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். அவசரம் வந்தால் ஒருமுறை வசூலும் உண்டு. மற்றபடி வங்கி வட்டி, எப்போதாவது ஒரு கோல்ஃப் போட்டி வசூல்.

2018 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம் ஜேனஸ் வழக்கில் கொடுத்த தீர்ப்பு அரசு ஊழியர் சங்கங்களை உலுக்கியது. உறுப்பினர் அல்லாத ஊழியரிடம் கட்டாயக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 1977ஆம் ஆண்டின் பழைய தீர்ப்பை மாற்றி எழுதியது. பெரிய சங்கங்கள் இதனால் எவ்வளவு இழந்தன என்று நிறையப் பேசப்பட்டது. என் கணிப்பில், இருபது பேர் உள்ள மேலாளர் சங்கத்தில் இதன் தாக்கத்தைத் தேடுவது வீண் வேலை. எல்லாரும் எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடும் இடம் அது. சட்டப் பாதுகாப்பும் சங்கத்தின் வழியாகவே கிடைக்கிறது. அதை விட்டுவிட்டு வெளியே நிற்க யாருக்கும் அவ்வளவு எளிதில் மனம் வராது. இங்கே வரவை ஆட்டிவைப்பது காலியிடங்கள். ஆறு பேர் ஒரே ஆண்டில் ஓய்வு பெற்று, அந்த இடங்களை நகரம் நிரப்பாமல் வைத்தால் முப்பது பேர் சங்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரவு போய்விடும். 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு கலிஃபோர்னியாவில் இது நிறைய நடந்தது. வலேஹோ நகரம் 2008இலும், ஸ்டாக்டனும் சான் பெர்னார்டினோவும் 2012இலும் திவால் மனு கொடுத்தன. அந்த அளவுக்குப் போகாத நகரங்களும் முதலில் கை வைத்தது காலிப் பதவிகளில்தான்.

செலவுப் பக்கம்தான் சுவாரசியம். சம்பளம் வாங்கும் ஊழியர் பெரும்பாலும் இருக்க மாட்டார். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாரும் உறுப்பினர்களே, ஊதியம் இல்லாமல். அலுவலக வாடகையும் பெரும்பாலும் இருக்காது. பணம் போவது வக்கீலுக்கு. அதில் இரண்டு வகை உண்டு, இரண்டும் கணக்கில் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

முதல் வகை, தனி உறுப்பினருக்கான சட்டப் பாதுகாப்பு. துறை விசாரணையில் பதில் சொல்லாவிட்டால் வேலை போகும் என்று மிரட்டி வாங்கிய வாக்குமூலத்தைக் குற்ற வழக்கில் பயன்படுத்தக் கூடாது என்று 1967இல் கேரிட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கலிஃபோர்னியா 1976இல் காவலர்களின் விசாரணை உரிமைகளுக்கென்றே தனிச் சட்டம் போட்டது. விசாரணையின்போது கூட ஒரு பிரதிநிதி இருக்கலாம் என்பது அதில் ஒரு உரிமை. இது கேப்டனுக்கும் பொருந்தும். ஆக, எந்த நேரத்திலும் ஒரு வக்கீல் தேவைப்படலாம், தேவைப்பட்டால் செலவு பெரிதாக இருக்கும். இருபது பேர் சந்தாவில் ஒரு பெரிய வழக்கைத் தாங்க முடியாது. அதனால் சங்கங்கள் பலவும் சேர்ந்து பணம் போடும் சட்டப் பாதுகாப்பு நிதிகளில் சேர்ந்துகொள்கின்றன. 1953இல் தொடங்கிய பொராக் என்ற கலிஃபோர்னியக் காவலர் கூட்டமைப்போடு சேர்ந்த நிதி இவற்றில் பெயர் பெற்றது. தலைக்கு மாதம் இவ்வளவு என்று சங்கம் கட்டிவிடும், வழக்கு வந்தால் நிதி பார்த்துக்கொள்ளும். கணக்கில் இது அமைதியான, சீரான செலவாகத் தெரியும். இருப்பு குறைவாக உள்ள சங்கம் பாதுகாப்பு இல்லாத சங்கம் என்று முடிவு கட்டுவதற்கு முன் இந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இந்தப் பாதுகாப்பின் தேவையும் கூடியிருக்கிறது. 2019 தொடக்கத்திலிருந்து கலிஃபோர்னியாவில் சில வகை ஒழுங்கு நடவடிக்கை ஆவணங்கள் பொதுமக்கள் கேட்டால் கொடுக்கப்பட வேண்டியவை. 2023 முதல் தவறு செய்த காவலரின் சான்றிதழையே மாநிலம் ரத்து செய்யலாம்.

இரண்டாவது வகை, ஒப்பந்தப் பேச்சுவார்த்தை. இதுதான் கணக்கைக் குதிக்க வைப்பது. நகரத்தோடு போடும் ஒப்பந்தம் இரண்டு, மூன்று, சில சமயம் ஐந்து ஆண்டுகளுக்கு நிற்கும். அது முடியும் ஆண்டில் தொழில்முறைப் பேச்சாளர் ஒருவரை அல்லது தொழிலாளர் சட்ட வக்கீலை அமர்த்த வேண்டும். பக்கத்து நகரங்களில் அதே பதவிக்கு என்ன கொடுக்கிறார்கள் என்ற ஊதிய ஒப்பாய்வு வேண்டும். மேலாளர் சங்கங்களுக்கு இதில் ஒரு தனித் தலைவலி. கூடுதல் நேர ஊதியம் சார்ஜென்டுக்கு உண்டு. லெப்டினன்டையும் கேப்டனையும் பல இடங்களில் நிர்வாகப் பதவி என்று சொல்லி, மத்தியச் சட்டத்தின் கூடுதல் நேர விதியிலிருந்து விலக்கி வைத்திருப்பார்கள். விளைவு, மேலே போனவர் கையில் வாங்குவது கீழே இருப்பவரைவிடக் குறைந்துபோகும். அப்புறம் யார் பதவி உயர்வுத் தேர்வு எழுதுவார்கள்? இந்த இடைவெளியை எண்களோடு நிரூபிப்பதற்குத்தான் ஆய்வாளருக்குப் பணம் போகிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பெரிய சங்கம் முதலில் பேசி முடித்துவிட்டால், மேலாளர் சங்கம் அதையே காட்டி "எங்களுக்கும் அவ்வளவு" என்று கேட்டு வாங்கிவிடலாம். அப்படி நடந்த சுற்றில் வக்கீல் செலவு மிகக் குறைவாக இருக்கும். பேரம் நடக்காத ஆண்டு என்று அதைத் தவறாகப் படிக்கக்கூடும்.

மீதி எல்லாம் சில்லறை. ஓய்வு பெறுகிறவருக்கு நினைவுப் பரிசு, டிசம்பர் விருந்து, இறந்த காவலர் குடும்பத்துக்கு உதவி, உள்ளூர்ப் பள்ளி மாணவருக்கு ஒரு கல்வி உதவித்தொகை, பொறுப்பாளர்களுக்குக் காப்பீடு, படிவம் நிரப்பும் கணக்காளருக்குக் கூலி. நகரமன்றத் தேர்தலில் யாரையாவது ஆதரித்தால் அதற்கும் செலவு. 501(சி)(5) அமைப்பு தேர்தல் அரசியலில் ஈடுபடலாம், அதுவே முதன்மை வேலையாக இருக்கக் கூடாது. அதற்குத் தனி நிதி வைத்திருந்தால் அந்தப் பணம் இந்தப் படிவத்தில் வராமல் வேறு அறிக்கையில் இருக்கும்.

இனி ஒரு கற்பனைச் சங்கத்தை ஓட்டிப் பார்ப்போம். எண்கள் எல்லாம் நான் எளிமைக்காக வைத்துக்கொண்டவை. 30 உறுப்பினர்கள், மாதச் சந்தா 160 டாலர். ஆண்டு வரவு 57,600. தொடக்க இருப்பு 60,000. சட்டப் பாதுகாப்பு நிதி, ஆலோசனை வக்கீல், கணக்காளர், விருந்து எல்லாம் சேர்த்து முதல் ஆண்டுச் செலவு 37,000. மிச்சம் 20,600, இருப்பு 80,600 ஆகிறது. இரண்டாம் ஆண்டும் ஏறக்குறைய அப்படியே: செலவு 38,600, இருப்பு 99,600. இந்த நேரத்தில் படிவத்தைப் பார்க்கும் ஒருவர், வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைச் செலவழிக்காமல் பதுக்குகிறார்களே என்று எழுதுவார்.

மூன்றாம் ஆண்டில் ஒப்பந்தம் முடிகிறது. பேச்சாளருக்கு 45,000, ஊதிய ஆய்வுக்கு 8,000, வழக்கமான 37,000. மொத்தச் செலவு 90,000, பற்றாக்குறை 32,400. இருப்பு 67,200க்கு இறங்குகிறது. அதே ஆள் இப்போது, வருமானத்தைவிட ஒன்றரை மடங்கு செலவழிக்கும் ஊதாரிச் சங்கம் என்று எழுதுவார். நான்காம் ஆண்டில் ஐந்து பேர் ஓய்வு பெறுகிறார்கள், இடம் நிரப்பப்படவில்லை. 25 பேரோடு வரவு 48,000. பேச்சுவார்த்தை இழுத்ததில் செலவு 50,000. இருப்பு 65,200. ஐந்தாம் ஆண்டு அமைதி: வரவு 48,000, செலவு 35,000, இருப்பு 78,200.

ஐந்து ஆண்டுகளையும் கூட்டினால் வரவு 2,68,800, செலவு 2,50,600. மிச்சம் 18,200, ஆண்டுக்குச் சராசரி நாலாயிரத்துக்கும் கீழே. பதுக்கலும் இல்லை, ஊதாரித்தனமும் இல்லை. நம்மூர் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம் நாலு வருடம் பராமரிப்புப் பணத்தில் மிச்சம் பிடித்து ஐந்தாவது வருடம் கட்டடத்துக்கு வெள்ளையடிப்பது போன்ற கணக்குதான் இது.

இப்போது ஆறாம் ஆண்டைக் கவனியுங்கள். வரவு அதே 48,000. அஞ்சலட்டைக்கான 50,000 வரம்பு அந்த ஒரு ஆண்டின் வரவை மட்டும் வைத்துப் பார்ப்பதில்லை. பழைய அமைப்புகளுக்கு அந்த ஆண்டையும் அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளையும் சேர்த்த சராசரியைப் பார்ப்பார்கள். நான்காம் ஆண்டில் சராசரி 54,400, ஐந்தாம் ஆண்டில் 51,200. அதனால்தான் அந்த இரண்டு ஆண்டும் 48,000 மட்டுமே வந்தும் 990-ஈஸி கொடுக்க வேண்டியிருந்தது. ஆறாம் ஆண்டில் சராசரியும் 48,000 ஆகிவிட்டது, அஞ்சலட்டை போதும். பொதுத் தளத்தில் எண்கள் மறைகின்றன. ஏழாம் ஆண்டில் சந்தாவை 190 டாலராக ஏற்றுகிறார்கள். வரவு 57,000, சராசரி 51,000, மறுபடியும் 990-ஈஸி. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு நடுவில் ஒரு ஓட்டை தெரியும். சங்கம் எதையும் மறைக்கவில்லை.

அந்த ஓட்டையை ஓரளவு அடைக்கவும் முடியும். ஒவ்வொரு 990-ஈஸி படிவத்திலும் 19ஆவது வரியில் ஆண்டுத் தொடக்கத்தின் நிகரச் சொத்து இருக்கும், 21ஆவது வரியில் ஆண்டு இறுதியின் நிகரச் சொத்து. ஐந்தாம் ஆண்டின் இறுதியில் 78,200, ஏழாம் ஆண்டின் தொடக்கத்தில் 91,000 என்று இருந்தால், மௌனமான ஆறாம் ஆண்டில் 12,800 டாலர் மிஞ்சியிருக்கிறது. உள்விவரம் கிடைக்காது, ஆனால் பணம் கரைந்ததா வளர்ந்ததா என்பது தெரிந்துவிடும். இப்படி ஓட்டை எதுவும் இல்லாமலே, முந்தைய ஆண்டின் முடிவும் அடுத்த ஆண்டின் தொடக்கமும் ஒத்துப்போகவில்லை என்றால் அதுதான் உண்மையில் கேள்வி கேட்க வேண்டிய இடம். பழைய கணக்கைத் திருத்தினால் அதற்கென்று 20ஆவது வரி இருக்கிறது, விளக்கம் 'ஷெட்யூல் ஓ' என்ற இணைப்பில் இருக்க வேண்டும்.

அதே படிவத்தில் இன்னும் சில வரிகளைப் பழகிக்கொண்டால் போதும். 3ஆவது வரி சந்தா. 13ஆவது வரி வக்கீல், கணக்காளர் போன்ற வெளியாட்களுக்கான கட்டணம். பேச்சுவார்த்தை ஆண்டு இங்கேதான் குதிக்கும். 16ஆவது வரி இதரச் செலவு. சின்னச் சங்கங்கள் எதை எங்கே போடுவது என்று தெரியாமல் பலவற்றையும் இதில் கொட்டிவிடுவார்கள். இதர வரி பெரிதாக இருப்பதே குற்றமில்லை, ஆனால் இணைப்பில் பிரித்துக் காட்டாமல் விட்டிருந்தால் உறுப்பினராக இருப்பவர் கேட்கத்தான் வேண்டும். ஒரு பொறியும் உண்டு. மொத்த வரவு என்பது செலவைக் கழிப்பதற்கு முந்தைய எண். சங்கம் தன் சேமிப்பில் இருந்த பங்கு நிதியை விற்று வேறொன்றில் போட்டால், விற்ற முழுத் தொகையும் மொத்த வரவில் சேரும். லாபம் ஐந்நூறு டாலராக இருக்கலாம், மொத்த வரவு எண்பதாயிரம் ஏறியிருக்கும். சங்கம் திடீரென்று பணக்காரச் சங்கமாகிவிட்டது என்று படிப்பது அப்படித்தான்.

எவ்வளவு இருப்பு இருந்தால் சரி? சட்டம் எண் எதுவும் சொல்லவில்லை. என் பார்வையில், ஒரு முழுப் பேச்சுவார்த்தைச் சுற்றின் செலவும் ஆறு மாத வழக்கச் செலவும் கையில் இருந்தால் அந்தச் சங்கம் நிம்மதியாகத் தூங்கலாம். நம் கற்பனைச் சங்கத்துக்கு அது எழுபதாயிரம் சுமார். அதற்குக் கீழே போனால் நகர நிர்வாகம் பேச்சை இழுத்தடித்தே ஜெயிக்கும். நிகரச் சொத்து வெளியே தெரியும் எண் என்பதை மறக்க வேண்டாம். எதிரே உட்கார்ந்திருக்கும் நகரத்தின் பேச்சாளரும் அதே படிவத்தைத் திறந்து, இவர்களால் எத்தனை மாதம் வக்கீல் வைத்துத் தாக்குப்பிடிக்க முடியும் என்று பார்க்கலாம். வரம்புக்கு மேலே ஏறிக்கொண்டே போகும் இருப்பும் அவ்வளவு நல்லதல்ல. அது சந்தாவைக் குறைக்கச் சொல்லும் குரல்களைக் கூட்டும். ஒரே ஆள் காசோலை எழுதி, அவரே வங்கிக் கணக்கையும் சரிபார்க்கும் அமைப்பில் சலனத்தையும் கூட்டும். காவலர் சங்கம் என்பதால் கையாடல் நடக்காது என்று நம்பக் காரணம் எதுவும் இல்லை. இரண்டு கையெழுத்து, பொருளாளர் அல்லாத ஒருவர் மாதாமாதம் வங்கி அறிக்கையைப் பார்ப்பது, இவ்வளவு செய்தாலே பெரும்பகுதி ஆபத்து போய்விடும். இதற்குச் செலவும் இல்லை.

ஒரு குறிப்பிட்ட சங்கத்தைத் தேட விரும்பினால் ஐஆர்எஸ் தளத்தில் வரிவிலக்கு அமைப்புகளுக்கான தேடல் பக்கம் இருக்கிறது. புரோபப்ளிகா செய்தி நிறுவனத்தின் நான்பிராஃபிட் எக்ஸ்புளோரர் ஆண்டுகளை வரிசையாக அடுக்கிக் காட்டும், பழக்கமில்லாதவர்களுக்கு அதுவே வசதி. பெயரைவிட ஒன்பது இலக்க அடையாள எண்ணை வைத்துத் தேடுவது நல்லது. ஒரே பெயரில் இரண்டு நகரத்துச் சங்கங்கள் இருக்கும், ஒரே சங்கமும் ஒரு ஆண்டு மேனேஜர்ஸ் என்றும் மறு ஆண்டு மேனேஜ்மென்ட் என்றும் எழுதியிருக்கும். அப்புறம் அந்த நகரத்தின் தளத்தில் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்தைத் தேடுங்கள். அது தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் முதல் பக்கங்களிலேயே இருக்கும். நகரத்தின் பட்ஜெட்டில் லெப்டினன்ட், கேப்டன் பணியிடங்கள் எத்தனை என்று இருக்கும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தலைக்குச் சந்தா எவ்வளவு, எந்த ஆண்டு பேரம் நடந்தது, எந்த ஆண்டு ஆள் குறைந்தது என்பதை யாரையும் கேட்காமலே கணிக்கலாம். படிவத்தின் ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறதா ஜூலையில் தொடங்குகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னிய நகரங்களின் நிதியாண்டு பெரும்பாலும் ஜூலையில் தொடங்கும், சங்கத்தினுடையது ஜனவரியாக இருக்கலாம். அதைக் கவனிக்காவிட்டால் பேரச் செலவு ஒப்பந்தத்துக்கு ஒரு வருடம் முந்தியோ பிந்தியோ விழுந்தது போலத் தெரியும்.